உருபு தொக்கது, பொருள் தொகவில்லை

எம் வீட்டுக் கணினிக்கு வயது பதினான்கு. (இங்கே 'கணனி' என எழுதுவோரே பலர், யான் 'கணினி' என்றே எழுதுவேன்.) தெல்லிப்பழை முதியோர் நாவில் மட்டும் எஞ்சியிருக்கும் தோட்டச் சொற்களையும் துலாக்கிணற்றுச் சொற்களையும் அதிலேதான் தொகுத்து வருகின்றேன். அண்மையில் அது பழுதுறவே, திருத்துநர் ஒருவர் விண்டோஸ் 10ஐ மீளப் பதித்துத் தந்தார். வீட்டிற்குக் கொணர்ந்து பார்த்தால், கணினியை உறங்கவைக்கும் தெரிவு இருந்த இடத்தில் இல்லை. நிறுத்துதலும் மறுபடி தொடக்குதலுமே எஞ்சி நின்றன.

"இது பழசு ஐயா, இனி அப்பிடித்தான். புதிசு ஒண்டு வாங்குங்கோ" என்றார் திருத்துநர்.

ஒரு மாலை, மூதாட்டி ஒருவர் சொல்லக் கேட்டு வந்த நாற்பது சொற்களைப் பொறித்துக்கொண்டிருந்தேன். அயலார் ஒருவர் படலையில் நின்று அழைத்தார். முன்னாளாயின் கணினியை உறங்கவைத்து எழுவேன். அன்று அப்படியே விட்டு எழுந்தேன். மின்சாரம் போயிற்று, சொற்களும் போயின. இடையிடையே சேமியாதது என் தவறே, அதனை மறைப்பதற்கில்லை. ஆயினும் மறுநாள் மீண்டும் கேட்டபோது அம்மூதாட்டிக்குப் பாதிதான் நினைவில் வந்தது.

மின்சாரத்தின் அருமையை எமக்கு ஒருவர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டின் பின் குடாநாடு இருண்டிருந்த காலத்தில், ஜாம் போத்தலிலே பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு ஏற்றிய விளக்கிலே படித்த தலைமுறை நாம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததனால் தீவு முழுவதுமே இருண்டது. இலங்கைக்கும் வானரத்துக்கும் உள்ள தொடர்பு இன்னும் அறவில்லை போலும்!

நன்னூல் படிப்பிக்கும் எனக்குத் திருத்துநரின் விடை உவப்பாயில்லை. 'மரம் வெட்டினான்' என்புழி இரண்டனுருபு தொக்கு நிற்கின்றது, பொருள் போய்விடவில்லை. ஒன்று மறைந்ததெனின் அது எதனால் மறைந்தது என வினவுவதே கற்றோர் நெறி. வயதாயிற்று என்பது விதியாகாது.

கிளிநொச்சி அறிவியல் நகரிலே பொறியியல் பயிலும் என் பெறாமகன் விடுமுறையில் வந்திருந்தான். "பெரியப்பா, அதிட்டையே கேட்பம்" என்று கட்டளைச் சாளரத்தைத் திறந்தான். 'பவர்' என்னும் ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி என்னும் மூன்றெழுத்தை ஒட்டி, இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடும் ஏ என்னும் எழுத்தும் இட்டான். எந்தெந்த உறக்க நிலைகள் உள, எவை இல, இல்லாமைக்குக் காரணம் யாது என்பவற்றைக் கணினியே வரிசையாகக் கூறிற்று. காரணம் காட்சிப் பகுதி. காட்சி அட்டைக்குரிய இயக்கி மென்பொருள் பதியப்படாமையால், பொதுவான இயக்கியொன்றைக் கொண்டு கணினி ஒப்பேற்றிக்கொண்டிருந்தது. அவ்வியக்கிக்கு உறக்கம் தெரியாது. உரிய இயக்கியைத் தேடிப் பதித்து மறுபடி தொடக்கினோம். மறைந்த தெரிவு வந்து நின்றது. செலவு ஒரு சதமும் இல்லை.

எல்லார்க்கும் காரணம் இதுவே ஆகாது. அலுவலகக் கணினிகளில் நிர்வாகியின் கட்டுப்பாடு தெரிவுகளை மறைப்பதுண்டு. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் ஒரே மின் திட்டந்தான் காணப்படும். அது குறையன்று, அமைப்பு. அழிந்த இயல்புத் திட்டங்களை மீட்கும் ஏவலும் முற்கூறிய கட்டளைக்கு உண்டு. ஆனால் நாமாக வகுத்த திட்டங்களை அது துடைத்துவிடும்.

உறக்கத்திலும் இரு வகை உண்டு. ஒன்றில் நினைவகத்துக்குச் சிறிது மின் ஓடிக்கொண்டேயிருக்கும். அது நின்றால் சேமியாதவை அழியும். மற்றையதில் நினைவகத்தில் உள்ளவை வட்டிலே எழுதி வைக்கப்படும். மின்சாரம் போனாலும் கேடில்லை. மின்கலமற்ற மேசைக் கணினிக்கு, அதிலும் எம்மூரில், பின்னையதே தக்கது. அதுவோ விண்டோஸ் 10இல் இயல்பாகப் பட்டியலில் தோன்றுவதில்லை. மின் பொத்தான்களுக்குரிய அமைப்பினுட் சென்று நாமே குறியிட வேண்டும்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவும் முடிந்துவிட்டது. பழைய கணினிகளுட் பல விண்டோஸ் 11க்கு இடங்கொடா. ஆகவே வங்கி அலுவல்களை இதிலே செய்யேன். சொற்றொகுதி எழுத இது போதும். எழுதுதற்குரிய ஒன்றைப் பழையதென்னும் ஒரே காரணத்தால் குப்பைக்கு அனுப்புவதை என் மனம் ஒப்பவில்லை. இன்னும் ஒன்று: 'இல்லை' என்பதை முகப்பிலே காட்டிவிட்டு, 'ஏன் இல்லை' என்பதைக் கட்டளை அறிந்தார்க்கு மட்டும் சொல்லும் மென்பொருளை நல்லாசிரியன் இயற்றியதாகக் கொள்ளமாட்டேன்.

அவ்விரு உறக்கங்களுக்கும் தமிழிற் பெயர் வேண்டும். நினைவு நீங்காத முன்னையதை 'அறிதுயில்' எனலாம். பாற்கடலிற் பள்ளிகொண்டவனுக்குரிய சொல் அது, எனினும் பொருந்துகின்றது. பின்னையதற்குச் சொல் அகப்படவில்லை. மாரியில் வளைக்குள் ஒடுங்கும் உயிர்களைக் குறிக்க எம்மூரில் ஏதேனும் வழக்கிருப்பின், அறிந்த அன்பர்கள் எழுதுக. மூதாட்டியையும் கேட்டிருக்கின்றேன், ஞாயிறன்று வரச்சொன்னார்.