மூலம் நம் கையில் இருக்கட்டும்

ஏடு எழுதி வாழ்ந்த காலத்தில் ஒரு நூலை உடையவர் அதனைப் படிக்கலாம், படியெடுக்கலாம், பிழை கண்டவிடத்துத் திருத்தலாம், மாணாக்கருக்கு வழங்கலாம். தொல்காப்பிய மூலம் கற்றோர் அனைவர்க்கும் பொதுவாய் இருந்தமையாலன்றோ இளம்பூரணரும் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் தத்தம் கருத்துக்கேற்ப உரை காண முடிந்தது! சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்ததும், ஏடுகள் கைக்கு எட்டியமையாலேயாம். மூலம் பூட்டப்பட்டிருப்பின் உரையும் இல்லை; பதிப்பும் இல்லை.

இந்த நோக்கோடு நம் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசியைப் பார்ப்போம். அதனை இயக்குவது இயங்குதளம் எனப்படும் மென்பொருள். உலகிற் பெரும்பாலான தொலைபேசிகளில் உள்ள அண்ட்ரொயிட், லினஸ் தோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் 1991இல் தொடங்கிய லினக்ஸ் என்பதன்மேல் எழுந்தது. அதன் மூலநிரலை எவரும் இலவசமாகப் பெறலாம். ஆயினும், கடையில் நாம் வாங்கும் கருவியில் அவ்வடித்தளத்தின்மேற் கூகுள் நிறுவனத்தின் மூடிய சேவைகள் ஏற்றப்பட்டுள்ளன. அவற்றின் மூலத்தை நாம் காண இயலாது. அப்பிள் நிறுவனத்தின் இயங்குதளமோ பெரும்பாலும் மூடியதே. பொருள் நம்முடையது, அதன் திறவுகோல் பிறருடையது.

இதனால் நமக்கு என்ன குறை என்று வினவுவார் உளர். 2010ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். அந்நாளிற் பல அண்ட்ரொயிட் தொலைபேசிகளில் தமிழ் எழுத்துகள் வெறுங் கட்டங்களாகவே தோன்றின. நம் மொழியை நம் கருவியிற் படிப்பதற்கு எங்கோ உள்ள நிறுவனம் மனமிரங்கும்வரை காத்திருந்தோம். 2019 மே மாதத்தில் அமெரிக்க அரசு ஹுவாவே நிறுவனத்தின்மீது வணிகத் தடை விதித்தது. அதன்பின் வெளிவந்த அந்நிறுவனப் புதிய தொலைபேசிகள் கூகுள் சேவைகளை இழந்தன. சீனப் பெருநிறுவனத்துக்கே இந்நிலை எனின், குறிஞ்சாக்கேணிக் குடியானவர் எம்மாத்திரம்?

இன்னொரு குறை நம் மாணவரை நேரே தொடுவது. 2020 மார்ச்சிற் பள்ளிகள் மூடப்பட்டபோது தொலைபேசியே பலருக்கு வகுப்பறையாயிற்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அதன் விலை ஏழைக்கு எட்டாதாயிற்று. திரையும் மின்கலமும் நன்றாயிருக்க, பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவனம் நிறுத்திவிட்டமையால் மட்டும் ஒரு கருவி காலங்கடந்ததாகிவிடுகிறது. உறுதியான வீட்டைக் கட்டியவர் கூரை வேய மறுத்ததற்காக இடித்துவிடுவார் உளரோ?

இதற்கு மாற்று உண்டு. சயனோஜன்மொட் என்னும் திறந்த இயங்குதளத்தைத் தாங்கிய நிறுவனம் 2016 டிசம்பரில் அப்பணியைக் கைவிட்டது. மூலம் திறந்திருந்தமையால் ஆர்வலர் அதனை லைனேஜ் என்னும் புதுப்பெயரில் தொடர்ந்தனர். உற்பத்தியாளர் கைவிட்ட பழைய தொலைபேசிகள் பல இன்று அதனால் உயிர்வாழ்கின்றன. உபுண்டுத் தொலைபேசித் தளத்தை அதன் நிறுவனம் 2017இற் கைவிட்டபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. ஏட்டுக்கு உடையவர் மறைந்த பின்னும் படியெடுத்தோரால் நூல் பிழைத்தது போன்றதே இது. செயலிகளுக்கும் 2010 முதல் எவ்-டிரொயிட் என்னும் திறந்த களஞ்சியம் உண்டு. அண்டைத் தமிழகத்திற் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆதரவில் உருவான பரோஸ் என்னும் இயங்குதளம் 2023 சனவரியில் அறிமுகமாயிற்று. சொந்தத் தளம் வேண்டும் என்னும் வேட்கை அரசுகளையும் பற்றியுள்ளது என்பதற்கு அது சான்று.

இவையெல்லாம் பெருநாடுகளுக்கே ஆகும் என்று நாம் ஒதுங்குதல் தகாது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை திருகோணமலையையும் கிண்ணியாவையும் மூதூரையும் அழித்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கை மென்பொருளாளர் சில நாள்களில் ‘சஹானா’ என்னும் திறந்த மென்பொருளை ஆக்கினர். பின்னர் அது 2005இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2010இல் எயிட்டி நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. நம் கண்ணீரிற் பிறந்த மென்பொருள் பிறர் கண்ணீரைத் துடைத்ததற்குக் காரணம் அதன் மூலம் பூட்டப்படாமையே.

இடர்களை மறைத்தல் அறமன்று. எல்லாத் தொலைபேசிக்கும் மாற்றுத் தளம் கிடையாது. உற்பத்தியாளர் சிலர் கருவியைத் திறக்கவே விடுவதில்லை. நிறுவும் முறை பிழைத்தாற் கருவி பயனற்றதாகலாம், உள்ளிருந்தவை அழியும். வங்கிச் செயலிகள் சில இயங்க மறுக்கும். அண்ட்ரொயிட் கருவிகளில் நிறுவப்படும் செயலிகளின் ஆக்குநர் தம் அடையாளத்தைத் தன்னிடம் பதிதல் வேண்டும் என்னும் விதியைப் படிப்படியாகக் கொணர்வதாகக் கூகுள் 2025 ஓகஸ்டில் அறிவித்தது. மோசடியைத் தடுத்தலே நோக்கம் என்பது அதன் கூற்று. தம்மைப் போன்ற சுதந்திரக் களஞ்சியங்கள் வாழ வழியிராது என்பது எவ்-டிரொயிட் குழுவினரின் முறையீடு. இரு பக்கத்தையும் ஆராய்க. எனினும், காவலின் பெயரால் வாயில் ஒன்றாகும்போது, வாயிற்காப்போன் அரசனாகிவிடும் அச்சம் பொய்யன்று.

ஆகவே நாளைக்கே எல்லோரும் தத்தம் தொலைபேசியை மாற்றுக என்று யாம் கூறவில்லை. வேலைக்கான கருவியைத் தொடாது, மூலையிற் கிடக்கும் பழைய தொலைபேசி ஒன்றைப் பாடசாலைக் கணினிக் கழகம் எடுத்துக்கொள்ளட்டும். அது தாங்கும் தளத்தை ஆராய்ந்து, ஆசிரியர் முன்னிலையில் நிறுவிப் பார்க்கட்டும். பயர்பொக்ஸ் உலாவியைத் தன்னார்வலர் தமிழாக்கியதுபோல், திறந்த செயலிகளின் சொற்களைத் தமிழாக்கும் பணியை உயர்வகுப்பு மாணவர் ஏற்கட்டும். மொழிப்பாடத்துக்கு அதனினும் சிறந்த பயிற்சி அரிது. புதிதாக வாங்குவோர், எத்தனை ஆண்டு திருத்தம் கிடைக்கும், கருவியைத் திறக்க இயலுமா என்று கடைக்காரரை வினவிய பின்னரே வாங்கட்டும்.

விரலால் திரையைத் தடவத் தெரிந்த தலைமுறை ஒன்று நம்மிடை வளர்ந்துவிட்டது. திரைக்குப் பின்னுள்ள மூலத்தைப் படிக்கவும், பிழை திருத்தவும், அதற்கு உரை எழுதவும் வல்ல தலைமுறையை ஆக்குவது ஆசிரியர் கடன்.