உயர்நிலைப் பள்ளியில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?



5-ஆம் வகுப்பை முடித்துவிட்டு, பக்கத்திலுள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில் 6-ஆம் வகுப்பில் சேரப் போகிறவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். நடுநிலைப் பள்ளியில் 8-ஆம் வகுப்பு வரை படித்துவிட்டு 9-ஆம் வகுப்புக்கு வருகிறவர்களும் இருப்பீர்கள். வேறு சிலருடைய தம்பியோ தங்கையோ சேரப் போகலாம். யாராக இருந்தாலும் சரி, இந்தக் கட்டுரையை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தொடக்கப் பள்ளிக்கும் உயர்நிலைப் பள்ளிக்கும் உள்ள வேறுபாடு கட்டடத்தின் அளவில் மட்டும் இல்லை. தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர் எல்லாப் பாடங்களையும் நடத்துவார். எந்தக் குழந்தைக்குக் கணக்கு வரவில்லை, எந்தக் குழந்தை இன்று சாப்பிடாமல் வந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். உயர்நிலைப் பள்ளியில் மணி அடிக்க அடிக்க ஆசிரியர்கள் மாறுவார்கள். பாடத்துக்கு ஓர் ஆசிரியர். பாடத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம். பத்துப் பதினோரு வயதுக் குழந்தைக்கு இது சிறிய மாற்றம் அன்று.

இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு முன்னால் நடப்பது என்ன? மாற்றுச் சான்றிதழ், புகைப்படம், ஆதார் நகல் ஆகியவற்றை மேசைமேல் வைக்கிறோம். படிவத்தில் பெற்றோர் கையொப்பம் இடுகிறார்கள். சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த தந்தை வேலைக்கு ஓடுகிறார். இதைச் சேர்க்கை என்று சொல்லலாம். அறிமுகம் என்று சொல்ல முடியாது.

ஒவ்வோர் அரசு உயர்நிலைப் பள்ளியும் புதிதாகச் சேரும் குழந்தைகளையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் ஒரு நாள் அழைத்து, தன் ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டித் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஏன் ஆய்வுக்கூடத்தை? காரணத்தைச் சொல்கிறேன்.

இன்று ஒரு பள்ளியை நாம் எதைக் கொண்டு எடை போடுகிறோம்? வாசலில் தொங்கும் விளம்பரத் தட்டியைக் கொண்டுதான். ‘எங்கள் பள்ளி 100 விழுக்காடு தேர்ச்சி’ என்ற வரியைப் படித்தவுடன் பெற்றோர் மனம் சாய்ந்துவிடுகிறது. அறிவியல் படிக்கிற நீங்கள் அந்த எண்ணைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு சிற்றூர்ப் பள்ளியில் 20 பேர் 10-ஆம் வகுப்புத் தேர்வு எழுதுகிறார்கள் என்று கொள்வோம். ஒருவர் தவறிவிட்டார். தேர்ச்சி 95 விழுக்காடு. நகரத்துப் பள்ளி ஒன்றில் 200 பேர் எழுதுகிறார்கள். அங்கேயும் ஒருவர்தான் தவறினார். தேர்ச்சி 99.5 விழுக்காடு. இரு பள்ளிகளிலும் தவறியவர் ஒருவரே. ஆனால் தட்டியில் நாலரை விழுக்காடு வேறுபாடு தெரிகிறது! சிற்றூர்ப் பள்ளியில் ஒவ்வொரு மாணவரும் 5 விழுக்காடு. தேர்வன்று ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே பள்ளியின் ‘தரம்’ 5 விழுக்காடு இறங்கிவிடும். எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது விழுக்காடு இப்படித்தான் துள்ளும். எத்தனை பேரில் என்று கேட்காமல் விழுக்காட்டை மட்டும் நம்புவது, எந்த அளவுகோலால் அளந்தது என்று கேட்காமல் நீளத்தை நம்புவதைப் போன்றது.

இன்னொன்றும் உண்டு. ஒரு பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 20 டிகிரி செல்சியசில் இருக்கிறது. அதைச் சூடாக்கி 60 டிகிரிக்குக் கொண்டுவருகிறோம். மற்றொரு பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 50 டிகிரியில் இருக்கிறது. அதை 70 டிகிரிக்குக் கொண்டுவருகிறோம். இப்போது வெப்பமானியை வைத்துப் பார்த்தால் இரண்டாம் பாத்திரமே சூடு மிக்கது. ஆனால் எந்தப் பாத்திரத்துக்கு அதிக வெப்பம் கொடுத்தோம்? முதல் பாத்திரத்து நீர் ஏறக்குறைய 40 கிலோ கலோரி பெற்றது. இரண்டாவது பெற்றது 20 கிலோ கலோரி மட்டுமே. எரித்த விறகின் கணக்கை அறிய வேண்டுமானால் முடிவு வெப்பநிலை போதாது. தொடக்க வெப்பநிலையும் வேண்டும்.

பள்ளிக்கும் இதே கணக்குத்தான். நுழைவுத் தேர்வு வைத்துத் தேர்ந்தெடுத்த குழந்தைகளையும், வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் உள்ள குழந்தைகளையும் மட்டும் சேர்த்துக்கொள்ளும் பள்ளி 50 டிகிரியில் தொடங்குகிறது. அரசுப் பள்ளி வாசலில் அப்படி யாரையும் வடிகட்டுவதில்லை. செங்கல் சூளை வேலைக்காக ஊர் ஊராக அலையும் குடும்பத்துக் குழந்தையும் வரும். வீட்டில் முதன்முதலாக எழுத்துக் கற்ற குழந்தையும் வரும். அவர்களை 60 டிகிரிக்குக் கொண்டுவந்த ஆசிரியரின் உழைப்பு எந்தத் தட்டியிலும் ஏறுவதில்லை. அதுமட்டுமா? 9-ஆம் வகுப்பில் பின்தங்கிய மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டால், ஒரு வரிகூடக் கூடுதலாகக் கற்பிக்காமலே 10-ஆம் வகுப்புத் தேர்ச்சி உயர்ந்துவிடும். குளிர்ந்த நீரைக் கொட்டிவிட்டு, மீதி நீர் சூடாக இருக்கிறது என்று பெருமைப்படுவது போன்றது இது.

ஆகவே பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எத்தனை விழுக்காடு?’ என்பது அன்று. ‘6-ஆம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இங்கேயே 10-ஆம் வகுப்பு முடித்தார்கள்?’ என்பதே. இந்தக் கேள்வியை அரசுப் பள்ளியிலும் கேட்கலாம், தனியார் பள்ளியிலும் கேட்கலாம். அரசுப் பள்ளி என்பதற்காக அதற்குச் சலுகை காட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சரியான கருவியால் அளக்க வேண்டும் என்றே சொல்கிறேன்.

யாரையும் வடிகட்டாமல் சேர்த்துக்கொள்வது ஒரு கொள்கை. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, ஒரு பகுதியிலுள்ள எல்லாக் குழந்தைகளும் சாதி, செல்வ வேறுபாடின்றி ஒன்றாகப் படிக்கும் அருகமைப் பள்ளி வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கியது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால்கூட, அதைக் காரணம் காட்டி 8-ஆம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது அந்தச் சட்டத்தில் உள்ள விதி. ஊர் மாறி வரும் குடும்பங்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இனி ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நான் ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களைச் சந்திக்கிறேன். வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவு என்ன என்று கேட்டால் பலரும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அளவியைக் கையில் கொடுத்து, ‘இந்தக் குண்டின் விட்டத்தைச் சொல்’ என்றால் தயங்குவார்கள். சிலர் அதை அப்போதுதான் முதன்முதலாகத் தொடுகிறார்கள். இவர்களில் அரசுப் பள்ளியில் படித்தவர்களும் உண்டு. ஏராளமாகக் கட்டணம் கட்டிப் படித்தவர்களும் உண்டு. நூறு முறை எழுதிப் பார்த்த சோதனையை ஒரு முறைகூடச் செய்து பார்க்காமல் பன்னிரண்டு ஆண்டுகள் படித்துவிட முடியும் என்பது எவ்வளவு வருந்தத்தக்கது!

கருவிகள் இல்லாமையே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. பல பள்ளிகளில் கருவிகள் இருக்கின்றன; அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டு இருக்கின்றன. கண்ணாடிக் குடுவை உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் எழுத வேண்டும், பதில் சொல்ல வேண்டும். பூட்டியே வைத்தால் எதுவும் உடையாது. ஆனால் உடையாத குடுவை யாருக்கும் எதையும் கற்பித்ததில்லை. ஆய்வுக்கூடத்தைப் பார்த்துப் பள்ளியை அறியலாம் என்று நான் சொல்வது இதனால்தான். மேசையில் அமிலக் கறை இருக்கிறதா? தராசுத் தட்டு தேய்ந்திருக்கிறதா? அப்படியானால் அங்கே குழந்தைகள் வேலை செய்கிறார்கள் என்று பொருள். எல்லாம் புத்தம் புதிதாக மின்னுகிறது என்றால் சற்று யோசியுங்கள்.

சரி, அந்த அறிமுக நாளில் என்ன செய்வது? பெரிய செலவு எதுவும் வேண்டாம். ஒரு மீட்டர் நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். இலேசாக ஆட்டிவிட்டு, பத்து முறை போய்வர எத்தனை நொடி ஆகிறது என்று 9-ஆம் வகுப்பு அக்காமார்களும் அண்ணன்மார்களும் புதிய குழந்தைகளுக்கு அளந்து காட்டட்டும். ஏறக்குறைய 20 நொடி ஆகும். இனி நூலைக் கால் மீட்டராகக் குறைக்கப் போகிறோம். இப்போது எத்தனை நொடி ஆகும் என்று பெற்றோரைக் கேளுங்கள். நீளம் கால் பங்கானதால் நேரமும் கால் பங்காகி 5 நொடி ஆகும் என்று ஒருவர் சொல்லக்கூடும். அளந்து பார்த்தால் 10 நொடி வரும். ஏன் என்ற கேள்வி அங்கே பிறக்கும். அந்தக் கேள்வியோடு ஒரு குழந்தை உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்தால் அதைவிட நல்ல தொடக்கம் வேறு என்ன வேண்டும்?

பெற்றோர் வேடிக்கை பார்ப்பவர்களாக மட்டும் நிற்க வேண்டியதில்லை. பூ விற்கும் அம்மா முழம் போட்டு அளந்து காட்டட்டும். அடுத்து இன்னொருவர் தம் கையால் அதே சரத்தை அளக்கட்டும். இருவர் முழமும் ஒன்றாக இராது. மீட்டர் என்ற பொது அலகு ஏன் வேண்டும் என்பதை விளக்க இதைவிடச் சிறந்த பாடம் இல்லை. லேத் பட்டறையில் வேலை செய்யும் அப்பாவுக்கு வெர்னியர் அளவி அன்றாடக் கருவி. கல்லூரி மாணவர் தடுமாறும் இடத்தில் அவர் நொடியில் அளவு சொல்லிவிடுவார். கொத்தனாருக்குத் தூக்குக் குண்டும் ரசமட்டமும் தெரியும். ‘எனக்குப் படிப்பு இல்லை, வாத்தியார் சொல்வதுதான்’ என்று வாசலோடு ஒதுங்கி நின்ற பெற்றோர், தம் தொழிலிலும் அறிவியல் இருக்கிறது என்று அன்று காண்பார்கள். அப்பாவின் கையிலுள்ள அறிவைப் பள்ளி மதிப்பதைப் பார்க்கும் குழந்தைக்கு அந்தப் பள்ளி அந்நியமாக இராது.

‘ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலைச் சுமை அதிகம், இதற்கு நேரம் ஏது?’ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதிவேடுகளும் கணினிப் பதிவுகளும் ஆசிரியரின் நேரத்தைத் தின்பது உண்மை. ஆனால் நான் கேட்பது ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், அதிலும் அரை நாள். சோதனைகளைச் செய்து காட்டுவோர் மாணவர்கள். பிறருக்கு விளக்கிச் சொல்லும்போது அவர்களுக்கும் பாடம் ஆழப் பதியும். 10-ஆம் வகுப்பு அறிவியல் தேர்வில் 25 மதிப்பெண் செய்முறைக்கு உரியது என்பதையும் நினைவுபடுத்துகிறேன். ஒரு வேலைநாளில் கூலியை விட்டுவிட்டு வர முடியாத பெற்றோருக்காக அதை விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளலாம்.

பெற்றோர்களே, அந்த ஒரு நாளோடு நின்றுவிடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, அறிவியல் ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறதா, ஆய்வுக்கூடம் வாரத்தில் எத்தனை முறை திறக்கிறது என்று கேட்க உங்களுக்கு அங்கே இடம் உண்டு. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீட்டுக்காக 2020-இல் தமிழ்நாடு இயற்றிய சட்டம், 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. எனவே 6-ஆம் வகுப்பில் எங்கே சேர்கிறோம் என்பது 12-ஆம் வகுப்புக்குப் பின்னும் தொடர்ந்து வரும் முடிவு. அதைக் கடன் வாங்கியோ, தட்டியைப் பார்த்தோ அவசரமாக எடுக்க வேண்டாம்.

மாணவ நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஜூன் மாதத்தில் நீங்கள் எழுதிய முதல் பக்கத்தைக் கிழித்துவிடாமல் வைத்திருங்கள். டிசம்பரில் எழுதும் பக்கத்தை அதன் அருகில் வைத்துப் பாருங்கள். தொடக்க நிலை எது, இப்போதைய நிலை எது என்று நீங்களே அளந்துகொள்ளலாம். ஏற்றம் இருந்தால் உங்கள் பள்ளி நல்ல பள்ளி. ஏற்றம் போதாது என்று தோன்றினால் ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள். ‘ஐயா, ஆய்வுக்கூடத்தை எப்போது திறப்பீர்கள்?’ என்று கேட்கும் மாணவரை வெறுக்கும் அறிவியல் ஆசிரியரை நான் கண்டதில்லை. அந்தக் கேள்வி பத்துப் பேரிடமிருந்து வந்தால் அலமாரியின் பூட்டு தானே திறக்கும்.