வெயிலும் நம் தோலும் கண்ணும்

வெயில் என்றவுடன் தாகமும் வியர்வையுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றை நீரும் நிழலும் தீர்த்துவிடும். ஆனால், சூரிய ஒளியுடன் வரும் புற ஊதாக் கதிர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவற்றின் தீங்கு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, பிற்காலத்தில் வெளிப்படுகிறது. முகத்தில் படரும் மங்கு, முதுமைக்கு முன்பே விழும் சுருக்கம், கருவிழியை நோக்கி வளரும் சதை, கண்புரை ஆகிய அனைத்திலும் இக்கதிர்களுக்குப் பங்குண்டு.

இவற்றின் கடுமையை அறியக் கருவி தேவையில்லை. அஸர் நேரத்தைக் கணிக்க நிழலை அளக்கும் முறையை நாம் அறிவோம். அந்த நிழலே இங்கும் வழிகாட்டி. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குறுகியிருந்தால் கதிர்கள் கடுமையாக உள்ளன என்று கொள்ளுங்கள். மொட்டை மாடியில் வற்றலைக் காலையிலேயே பரப்பிவிட்டு, அஸருக்குப் பின் அள்ளுங்கள். பிள்ளைகளின் விளையாட்டையும் அவ்வாறே அமைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய மேகத்தை நம்ப வேண்டாம். கதிர்கள் அதனை ஊடுருவும்.

நெருக்கமாக நெய்யப்பட்ட, உடலை மூடும் தளர்ந்த ஆடையே முதற்காப்பு. திறந்திருக்கும் முகத்திற்கும் புறங்கைக்கும் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத வெயில் காப்புக் களிம்பைப் பூசுங்கள். 2 மணி நேரத்திற்கு ஒருமுறையும், ஒளூச் செய்த பின்னரும் மீண்டும் பூச வேண்டும். 6 மாதம் நிறையாத குழந்தைக்கு நிழலும் ஆடையுமே ஏற்றவை.

கறுப்புக் கண்ணாடி வாங்கும்போது நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். இருண்ட கண்ணாடிக்குப் பின்னால் கண்ணின் பாவை விரிகிறது. கதிர்களைத் தடுக்கும் தன்மை அக்கண்ணாடிக்கு இல்லையெனில், விரிந்த பாவை வழியே அவை மிகுதியாக உட்புகும். 'யூவி 400' எனக் குறிக்கப்பட்டதையே நம்பகமான கடையில் வாங்குங்கள்.

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. மகளின் திருமணத்திற்கு முன் நிறம் கூட வேண்டுமென்று, மருத்துவரைக் கேளாமல் களிம்பு வாங்கித் தராதீர்கள். அத்தகைய சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, சிறு வெயிலையும் தாங்காது எரியும். அல்லாஹ் தந்த நிறத்தில் குறையேதுமில்லை; அதனைப் புண்ணாக்காமல் காப்பதே நம் பொறுப்பு.

வெயிலே படாமல் வீட்டிற்குள்ளேயே இருப்போருக்கு வைட்டமின் டி குறையக்கூடும். அதற்கு மருத்துவரின் ஆலோசனை தேவை. மச்சம் திடீரெனப் பெருத்தாலோ, ஆறாத புண் இருந்தாலோ, பார்வை மங்கினாலோ நாள் கடத்தாதீர்கள்.