வீட்டுக்கு வரும் தாதியும் சர்க்காரின் கடமையும்

வைத்திய வசதி என்றதும் நம்மவர்களின் மனக்கண்முன் தோன்றுவது பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடமே. நோய் வராதபடி முன்கூட்டியே காக்கும் பொருட்டு வீடுதோறும் சென்று கதவைத் தட்டும் சுகாதாரத் தாதியை நினைப்பவர் வெகு சிலர். சர்க்கார்களும் இவ்விஷயத்தில் ஜனங்களைவிட மேலானவர்கள் என்று சொல்வதற்கில்லை. ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரக் கல் நாட்டுவது விழாவாகிறது. தாதியின் காலியிடத்தைப் பூர்த்தி செய்வது கேவலம் ஆபீஸ் தஸ்தாவேஜாக நின்றுவிடுகிறது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2025-ஆம் வருஷம் மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கை, 2023-இல் உலக முழுவதிலும் 2 கோடியே 98 லட்சம் செவிலியர் இருந்ததாகவும், இன்னும் 58 லட்சம் பேர் தேவை என்றும் கணக்கிடுகிறது. உலக ஜனத்தொகையில் 49 சதவிகிதத்தைக் கொண்ட தேசங்களிலேயே செவிலியரில் 78 சதவிகிதம் பேர் இருக்கிறார்கள் என்றும் அது கூறுகிறது. இக்கணக்கு அநீதியை ஒருவாறு காட்டுகிறது. ஆயினும் தேசத்துக்குள்ளேயே பட்டணத்து ஆஸ்பத்திரிக்கும் குக்கிராமத்து வீட்டுக்கும் உள்ள தூரத்தை எந்த உலகக் கணக்கும் காட்டிவிடாது.

இத்தொழில் பிறந்ததே அந்தத் தூரத்தைக் குறைப்பதற்காகத்தான். 1859-இல் லிவர்பூல் நகரில் வில்லியம் ராத்போன் என்ற வர்த்தகர், ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று பணிவிடை செய்யத் தாதி ஒருவரை அமர்த்தினார். 1893-இல் நியூயார்க்கில் லிலியன் வால்ட் அம்மையார் குடியேறிகளின் சேரிகளில் அப்பணியைத் தொடங்கினார். நோயாளி தாதியிடம் வருவதல்ல, தாதி குடும்பத்தினிடம் செல்வதே இதன் மூலாதாரத் தத்துவம்.

நமது தேச நிலைமை யாது? 1946-இல் வெளியான போர் கமிட்டியின் அறிக்கைப்படி, முப்பது கோடி ஜனங்களுக்கு இருந்த நர்ஸுகள் சுமார் 7,000. சுகாதாரப் பார்வையாளராகிய ஸ்திரீகள் 750 பேரே. அந்நிய ஆட்சி விட்டுச்சென்ற அந்தப் பாழ்நிலத்திலிருந்து நாம் வெகுதூரம் வந்திருக்கிறோம் என்பதை மறுப்பது நன்றி கெட்டதாகும். தமிழ்நாட்டில் இன்று 8,700-க்கு மேற்பட்ட துணை சுகாதார நிலையங்கள் உண்டு. சமவெளியில் 5,000 பேருக்கும், மலைப்பிரதேசத்தில் 3,000 பேருக்கும் ஒரு நிலையம் என்பது விதி. கிராம சுகாதாரச் செவிலியர்களே இவற்றின் உயிர்நாடி. கர்ப்பிணியைப் பதிவு செய்வது முதல் குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது வரையில் அவர்கள் செய்த உழைப்பின் பலனை எண்களே கூறும். 2018-20-ஆம் வருஷக் கணக்கில் லட்சம் பிரசவங்களுக்குத் தாய்மார் மரணம் இந்தியா முழுவதிலும் 97, தமிழ்நாட்டில் 54. 2020-இல் ஆயிரம் சிசுக்களுக்கு மரணம் தேச முழுவதிலும் 28, இங்கு 13.

ஆனால் நோயின் ரூபம் மாறிவிட்டது. 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த சுகாதார ஆய்வில், வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பதும், அவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட அது கட்டுக்குள் இல்லாததும் வெளியாயின. மருந்து இல்லாமலல்ல, மருந்தைத் தவறாமல் உண்ணச் செய்வார் இல்லாமலே இந்நிலை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இக்குறையைத் தீர்க்க எழுந்தது. 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் அதற்குக் கிடைத்தது. யோசனை நல்லது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

நமது ஆட்சேபம் வேறு. வீட்டுக்கு மருந்து கொண்டு செல்லும் பணியைச் சுய உதவிக் குழுப் பெண்கள் ஊக்கத்தொகை பெற்றுச் செய்கிறார்கள். அவர்கள் மெச்சத்தக்கவர்களே, எனினும் பயிற்சி பெற்ற தாதியின் ஸ்தானத்தை அவர்கள் வகிக்க முடியாது. குமாஸ்தா வழக்குக் கட்டைச் சுமந்து வருகிறார் என்பதற்காக எந்தக் கட்சிக்காரராவது வாதத்தையும் அவரிடம் ஒப்படைப்பாரா? கொதிப்பின் அளவு ஏறியிருந்தால் அது மருந்தை நிறுத்தியதாலா, உப்பு மிகுந்ததாலா, வேறு வியாதியாலா என்று பகுத்தறிவது கல்வியும் பழக்கமும் வேண்டும் காரியம். அதைச் செய்யவேண்டிய கிராமச் செவிலியரோ, தாய் சேய் நலமே பிரதானமாயிருந்த காலத்தில் விதித்த அதே 5,000 பேரையும், புதிய வியாதிகளையும், பேரேடுகளையும், அப்பேரேடுகளைக் கம்ப்யூட்டரில் மறுபடி ஏற்றும் வேலையையும் ஒருங்கே சுமக்கிறார். அடுத்த கிராமத்தில் இடம் காலியானால் அதுவும் அவர் தலையிலேயே விழுகிறது. வீட்டுக்குள் செல்லவேண்டியவர் திரைக்கு முன் அமர்ந்தால், எண்கள் பூர்த்தியாகும், குடும்பங்கள் பார்க்கப்படமாட்டா.

துணை நிலையங்களில் இடைநிலைச் சேவையாளரும் நியமிக்கப்படுகிறார்களே என்று சிலர் சமாதானம் கூறலாம். உண்மையே. ஆனால் அவர்களைத் தொகுப்பூதிய ஒப்பந்தத்தில் நிறுத்துவது முறையன்று. ஒரு குடும்பத்தின் நம்பிக்கை வருஷக் கணக்கில் விளைவது. நாளை இருப்போமா என்றறியாத தாதியிடம் அந்நம்பிக்கை எப்படி வேரூன்றும்? பணமில்லை என்ற வாதமும் செல்லாது. கட்டுப்படாத கொதிப்பு பக்கவாதமாகவும், சிறுநீரகக் கோளாறாகவும் ஆஸ்பத்திரிக்கு வரும்போது சர்க்கார் கொடுப்பதும் அதே பொக்கிஷத்துப் பணந்தான்.

ஆகவே செய்யவேண்டியது தெளிவு. ஒரு தாதிக்கு இத்தனை பேர் என்ற அளவை இன்றைய வேலைக்கு ஏற்பக் குறைக்க வேண்டும். பதிவு வேலைக்குத் தனி ஆள் வேண்டும். காலியிடம் ஏற்படுமுன்பே பயிற்சி பெற்றவர் தயாராயிருக்க வேண்டும். ஒப்பந்தம் நிரந்தரமாக வேண்டும். 1947-ஆம் வருஷத்து நர்ஸிங் சட்டத்துக்குப் பதிலாகப் பார்லிமெண்ட் 2023-இல் புதுச் சட்டம் இயற்றியிருக்கிறது. படிப்பையும் பதிவையும் சட்டம் சீர்செய்யலாம். தாதியைக் கிராமத்தில் நிலைநிறுத்துவது சர்க்காரின் மனமும் பட்ஜெட்டுமே.

தாதிமார் விருதையும் பாராட்டுரையையும் யாசிக்கவில்லை. தங்கள் வேலையைச் செவ்வனே செய்ய அவகாசம் கேட்கிறார்கள். அதை மறுப்பதற்கு எந்த சர்க்காருக்கும் நியாயமில்லை.