பெட்டியுள் கிடக்கும் கருவிகள்

சங்க அன்பர் ஒருவர் வினவுகிறார்: "மகளின் பள்ளியில் வழங்கும் மென்பொருளையே வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஏற்றியுள்ளேன். அதில் நிரல் எழுதும் கருவிகள் மலிந்து கிடக்கின்றன. ஏலத்தோட்டத்துக் கணக்கெழுதும் எனக்கு அவை எதற்கு? நீக்கிவிடலாமா?"

வினா நியாயமானதே. கேரளத்தில் 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்று தொடங்கி, 2017இல் 'கைட்' என்னும் நிறுவனமாக உருப்பெற்ற அமைப்பு, உபுண்டுவைத் தழுவிய கட்டற்ற மென்பொருளைப் பள்ளிகளுக்கு அளித்து வருகிறது. ஸ்கிராட்ச், பைதான் முதலியவை அதனுடனேயே வருகின்றன. காசு கொடுக்க வேண்டுவதில்லை.

பெரியவர்களிற் பெரும்பாலோர் அவற்றைத் திறந்தும் பாரார் என்பது மெய். ஆயினும், கம்பம், கூடலூரிலிருந்து ஜீப்பில் வரும் ஆட்களின் வாரக் கூலியை எண்ணிப் பாருங்கள். ஒருவர்க்கு ஆறு நாள், மற்றொருவர்க்கு நாலரை நாள். சிலருக்கு முன்பணக் கழிவு. லிப்ரே ஆபீஸ் அட்டவணையில் ஒரு சூத்திரம் இட்டால் கணக்கு முடிந்தது. அச்சூத்திரமும் யந்திரத்துக்கு இடும் கட்டளைதானே? அடுத்து, ஆளுக்கொரு சீட்டு, தமிழில் பெயரிட்டு அச்சிட வேண்டுமா? பைதானில் சில வரிகள் போதும். ரயில்வே அலுவலகத்தில் நாள்தோறும் அட்டவணை தட்டும் எனக்கு இவ்வகை வேலையின் சலிப்பு நன்கு தெரியும்.

அபாயமும் உண்டு. 1999இல் மெலிசா என்னும் வைரஸ், வேர்ட் கோப்பில் பொதிந்த மேக்ரோ வழியாகவே பரவிற்று. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் தானாகவே தடுக்கத் தொடங்கியதோ 2022இல்தான்! ஆகவே, முகமறியாதார் அனுப்பும் கோப்பில் மேக்ரோவை இயக்கலாமா என்று யந்திரம் கேட்டால், வேண்டாம் என்றே விடையளியுங்கள்.

நீக்குவது பற்றி ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: ஸ்கிராட்சை எடுத்தாற் கேடில்லை. பைதானைத் தொடாதீர்கள். உபுண்டுவின் உட்பகுதிகள் பல அதனை நம்பியே இயங்குகின்றன. அதைப் பெயர்த்தால் திரை முகப்பே உடன் போய்விடக்கூடும். மிஞ்சும் இடமோ அற்பம்.

நிரல் பயில வெளியே கட்டணம் கட்டுமுன், வீட்டிலிருப்பதைத் திறந்து பார்ப்பது நலம். அன்பரின் மகள் பள்ளியில் இதைப் பயில்பவள். வரும் ஞாயிறன்று கூலிச்சீட்டு நிரலை அவளே எழுதட்டும். முதல் வாரம் மட்டும், சீட்டுத் தொகையைத் தந்தையார் கையாற் கூட்டிச் சரிபார்த்துக்கொள்ளட்டும்.