வந்த சட்டமும் வரவேண்டிய சட்டமும்

சட்ட நூல்களைப் புரட்டும் வழக்கமுள்ள நேயர்கள் இரண்டு லத்தீன் தொடர்களை அடிக்கடி கண்டிருப்பார்கள். ஒன்று 'டே லேகே லாட்டா'. மற்றொன்று 'டே லேகே ஃபெரெண்டா'. கேட்ட மாத்திரத்தில் ஏதோ மந்திர உச்சாடனம் போல் தோன்றும். விஷயம் அவ்வளவு பயங்கரமானதல்ல. 'இப்போது அமலில் இருக்கும் சட்டப்படி பார்த்தால்' என்பது முன்னதின் பொருள். 'இனிச் செய்யப்பட வேண்டிய சட்டத்தைப் பற்றிச் சொன்னால்' என்பது பின்னதின் பொருள். இதைச் சொல்வதற்கு லத்தீன் எதற்கு என்று நேயர்கள் கேட்டால், நாமும் அவர்களோடு சேர்ந்து கேட்கத் தயார். கட்சிக்காரனுக்குப் புரிகிற பாஷையில் பேசத் தொடங்கினால் பீஸ் குறைந்துவிடுமோ என்ற பயம் வக்கீல்களுக்கு இருக்கலாம்!

ஆனால் அவ்வார்த்தைகளின் பிறப்பை ஆராயும்போது அவற்றினிடம் நமக்கு மரியாதை உண்டாகிறது. 'லாட்டா', 'ஃபெரெண்டா' இரண்டும் ஒரே வினைச்சொல்லிலிருந்து பிறந்தவை. சுமத்தல், கொண்டு வருதல் என்பது அவ்வினையின் பொருள். முன்னது, கொண்டு வரப்பட்டது. பின்னது, கொண்டு வரப்பட வேண்டியது. மசோதாவைச் சட்டசபையில் 'கொண்டு வந்தார்கள்' என்று நாம் சொல்கிறோமல்லவா? ரோமாபுரியாரும் அவ்வாறே சொன்னார்கள். சட்டத்தைப் பிரேரிப்பவனுக்கு அவர்கள் வைத்த பெயரே 'சட்டத்தைச் சுமந்து வருகிறவன்' என்பதுதான்.

அந்தச் சுமை லேசானதல்ல. ரோமக் குடியரசில் ஓர் அதிகாரி புதிய சட்டம் வேண்டுமென்று கருதினால், அதன் வாசகத்தை முதலில் ஊரறிய வெளியிட வேண்டும். பிறகு மூன்று சந்தை கூடும் காலம் பொறுத்திருக்க வேண்டும். எட்டு நாளைக்கு ஒரு சந்தை. பட்டிக்காட்டிலிருந்து காய்கறி விற்க வருகிறவனும் மசோதாவைப் பற்றிக் கேட்டறிந்து, யோசித்து, அடுத்த சந்தைக்கு வரும்போது நாலு பேரோடு விவாதிக்க அவகாசம் கிடைத்தது. கி. மு. 98-ல் ஏற்பட்ட ஒரு சட்டம் இந்த அவகாசத்தைக் கட்டாயமாக்கிற்று. சம்பந்தா சம்பந்தமில்லாத விஷயங்களை ஒரே மசோதாவுக்குள் மூட்டை கட்டலாகாது என்றும் அது விதித்தது. (இந்த இரண்டாவது விதியை நம் காலத்துச் சட்டசபைகள் பலவும் இரவல் வாங்கிக் கொள்ளலாம்.) அப்புறந்தான் வோட்டு. கி. மு. 131 முதல் மசோதாக்களுக்கு ரகசிய வோட்டு நடந்தது. 'நீர் கேட்கிறபடியே ஆகட்டும்' என்பதற்கு ஓர் எழுத்து. 'பழையபடியே இருக்கட்டும்' என்பதற்கு வேறோர் எழுத்து. மசோதாவை வேண்டாமென்று தள்ள அவர்கள் உபயோகித்த வார்த்தை அதுதான்: பழையபடியே இருக்கட்டும்!

இவ்விரண்டையும் பிரித்துப் பேச வேண்டிய அவசியம் என்ன? நம் வீடுகளிலேயே உதாரணம் இருக்கிறது. 1985-ல் சென்னையில் ஒரு பெண்மணி, "கூட்டுக் குடும்பச் சொத்தில் என் அண்ணனைப் போல் எனக்கும் பிறப்பினால் பங்கு உண்டா?" என்று வக்கீலைக் கேட்டிருந்தால், யோக்கியமான வக்கீல் இரண்டு பதில் சொல்லியிருப்பார். "இருக்கிற சட்டப்படி கிடையாது, அம்மா. இருக்க வேண்டியது நியாயந்தான்." முதல் பதிலை விழுங்கிவிட்டு இரண்டாவதை மட்டும் சொல்லியிருந்தால், அந்த அம்மாள் நகையை விற்று வழக்காடித் தோற்றிருப்பாள். இரண்டாவதைச் சொல்ல ஒருவருமே இல்லாதிருந்தால், 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை கலியாணமாகாத பெண்களுக்கு அந்த உரிமையை அளித்திருக்காது. 2005-ல் பார்லிமெண்டு அதை நாடு முழுவதற்கும், கலியாணமான பெண்களுக்கும் விஸ்தரித்திருக்காது.

உள்நாட்டிலாவது சட்டசபை என்று ஒன்று இருக்கிறது. தேசங்களுக்கிடையே சட்டசபை ஏது? உலக தேசங்களின் நெடுநாள் வழக்கமே அங்கே சட்டம். அவை கூடிச் செய்யும் உடன்படிக்கைகள் சட்டம். வழக்கம் எந்த நாளில் சட்டமாய் முற்றுகிறது என்று சொல்வது பிரம்ம வித்தை. ஆகையினால்தான் இந்த லத்தீன் தொடர்கள் சர்வதேச விவகாரங்களில் அதிகமாக அடிபடுகின்றன. அவற்றின் மகிமையைக் காட்டும் வழக்கு ஒன்று உண்டு.

அட்லாண்டிக் சமுத்திரத்தின் வடபகுதியில் ஐஸ்லாந்து என்று ஒரு தீவு. 1944-ல்தான் டென்மார்க் மன்னரின் ஆட்சியை உதறிவிட்டுக் குடியரசாயிற்று. 1970-களில் ஜனத்தொகை இரண்டு லட்சத்துச் சொச்சம். ராணுவம் கிடையாது. அதன் ஏற்றுமதியில் பெரும் பங்கு மீன். அந்த மீனை, குறிப்பாகக் 'காட்' என்னும் மீனைத் தேடி, பிரிட்டிஷ் விசைப்படகுகள் வந்து வாரிக் கொண்டு போயின. மீன் குறைந்து வருவதைக் கண்ட ஐஸ்லாந்து, 12 கடல் மைலாக இருந்த தன் மீன்பிடி எல்லையை 1972 செப்டம்பரில் 50 கடல் மைலாக விஸ்தரித்தது. அதன் காவல் கப்பல்கள் அந்நியப் படகுகளின் வலைக் கம்பிகளை அறுத்தெறிந்தன. பிரிட்டன் 1973-ல் யுத்தக் கப்பல்களை அனுப்பிற்று. அதற்கு முன்னரே ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்திருந்தது. நீதிமன்றத்துக்கு இவ்வழக்கில் அதிகாரமில்லை என்று கூறி ஐஸ்லாந்து ஆஜராகவே மறுத்துவிட்டது.

தீர்ப்பு 1974 ஜூலை 25-ல் வெளியாயிற்று. அந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். அதே சமயத்தில், வெனிசூலாவின் தலைநகரான காரகாஸில், கடற் சட்டத்தைப் புதிதாய் வகுப்பதற்காக உலக தேசங்களின் பிரதிநிதிகள் கூடியிருந்தார்கள். கரையோர தேசத்துக்கு 200 மைல் வரையில் உரிமை வேண்டும் என்ற பேச்சு அங்கே பலமாயிருந்தது. நீதிபதிகளுக்கு இது தெரியாமலில்லை. இருந்தும், நாளைய சட்டம் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து இன்றைய வழக்கைத் தீர்க்க முடியாது என்று அவர்கள் கூறினார்கள். மகாநாட்டில் தேசங்கள் சமர்ப்பிப்பவை அவற்றின் கோரிக்கைகளே. அமலில் உள்ள சட்டம் ஆகமாட்டா. சட்டம் செய்கிறவர் செய்து முடிக்கும் முன் நீதிபதி அதை முந்திக்கொள்ளலாகாது. 'ஃபெரெண்டா'வின் லத்தீன் உருவமும் தீர்ப்பிலே இடம் பெற்றது.

முடிவு என்ன? பத்து நீதிபதிகள் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். 50 மைல் எல்லை பிரிட்டனைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மீனையே நம்பி வாழும் கரையோர தேசத்துக்கு முன்னுரிமை உண்டு. ஆகவே இரு தரத்தாரும் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று பெரும்பான்மையோர் தீர்ப்பளித்தார்கள். அப்பெரும்பான்மையில் நம் நாட்டவரான நாகேந்திர சிங்கும் ஒருவர். அவரும் வேறு நால்வரும் தனியே ஒரு குறிப்பு எழுதினார்கள். ஐஸ்லாந்தின் எல்லையைப் பொதுவாகச் சட்ட விரோதமென்று நீதிமன்றம் சொல்லிவிடவில்லை. பிரிட்டனுக்கு எதிராகச் செல்லாது என்று மட்டுமே சொல்லிற்று. அதனால்தான் தாங்கள் அதற்கு இசைந்ததாகத் தெரிவித்தார்கள். கதவைச் சாத்தினாலும் தாழ்ப்பாள் போடாமல் விட்டார்கள் என்று நாம் அர்த்தம் செய்து கொள்கிறோம்.

நம் அபிப்பிராயத்தில் நீதிமன்றம் சொன்னது நியாயம். பிரிட்டனிடம் யுத்தக் கப்பல் இருந்தது, ஐஸ்லாந்திடம் இல்லை. பலவானுக்கும் பலவீனனுக்கும் வழக்கு நடக்கும்போது 'சட்டம் இப்படி இருந்தால் நன்றாயிருக்கும்' என்பதையெல்லாம் சட்டமென்று எடுத்துக் கொள்ளும் வழக்கம் ஏற்பட்டால், நாளைக்குப் பலவானின் ஆசையும் அப்படியே சட்டமாகிவிடும். எளியவனுக்கு எழுதி வைத்த வார்த்தையைத் தவிர வேறு கோட்டை ஏது? ஆனால் அந்த 'முன்னுரிமை' விஷயத்தில் நீதிபதிகள் தாங்களே 'ஃபெரெண்டா'வின் வாசற்படியில் ஒரு கால் வைத்துவிட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதைக் குற்றமென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

தீர்ப்பில் தோற்ற ஐஸ்லாந்து சுமையைக் கீழே வைக்கவில்லை. 1975 அக்டோபரில் எல்லையை 200 மைலுக்கே கொண்டு போயிற்று. மறுபடியும் கப்பல்கள் மோதின. 1976 பிப்ரவரியில் பிரிட்டனுடன் ராஜீய உறவை முறித்துக் கொண்டது. ஜூன் மாதத்தில் ராஜி ஏற்பட்டு, பிரிட்டிஷ் படகுகள் நாளடைவில் அக்கடலை விட்டு விலகின. ஹல், கிரிம்ஸ்பி துறைமுகங்களில் தலைமுறை தலைமுறையாக அந்தக் குளிர்கடலை நம்பியிருந்த குடும்பங்கள் பிழைப்பிழந்தன. அந்த மாலுமிகள் சாம்ராஜ்யவாதிகள் அல்ல; நம் கடற்கரைக் குப்பத்து மனிதர்களைப் போல வயிற்றுக்காக அலையோடு போராடியவர்கள்.

காரகாஸில் பேசப்பட்ட 200 மைல், 1982-ல் கையெழுத்தான கடற்சட்ட உடன்படிக்கையில் இடம் பெற்று, 1994-ல் அமலுக்கு வந்தது. ஆனால் தேசங்கள் அதுவரை காத்திருக்கவில்லை. இந்தியா 1976-லேயே தனக்கு 200 மைல் வகுத்துச் சட்டம் செய்து கொண்டது. அதே வருஷத்தில், ஹேக் நகரத்துக்கு வழக்கைக் கொண்டு போன பிரிட்டனும் தன் பார்லிமெண்டில் ஒரு சட்டம் கொண்டு வந்தது. 1977 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிரிட்டனின் மீன்பிடி எல்லையும் 200 மைல் ஆயிற்று.