வாட்ஸ் வியாதி

வீட்டுல வாசிக்க எந்த ஆம்ப் வாங்கலாம்னு கேட்டா, கிடார் வாசிக்கற அத்தனை பேரும் சொல்ற ஒரே பதில்: "50 வாட்ஸுக்குக் கொறஞ்சு தொடாதே." அதை நம்பிக் காசைத் தொலைச்சவன் சொல்றேன் மக்களே, அது சுத்தப் பேத்தல்.

நான் குடியிருப்பது திருப்பூர்ல ஒரு லைன் வீடு. சுவத்துக்கு அந்தப் பக்கம் நிட்டிங் மெஷின் ஓட்டற அண்ணா. நைட் ஷிஃப்ட் முடிச்சு பகல்லதான் தூங்குவார். ஒரு சனிக்கிழமை கதவைத் தட்டி, "தம்பி, ராத்திரி பூரா மெஷின் சத்தம், இப்ப இதுமா?"ன்னார். நான் வாலியூமை ஒண்ணுக்கு மேல திருப்பவே இல்லீங்க!

இஞ்சினியரிங் படிச்சும் உறைக்கல பாருங்க. காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காத் தெரியணும்னா வாட்ஸ் சுமார் 10 மடங்காகணும். அதாவது, அதே ஸ்பீக்கர்ல 5 வாட்ஸே 50 வாட்ஸோட பாதிச் சத்தம் போடும். 1970-ல் வந்த 'லைலா' ஆல்பத்துல எரிக் கிளாப்டன் வாசிச்சது ஃபெண்டர் சேம்ப்ங்கற குட்டி ஆம்ப்ல. அது சுமார் 5 வாட்ஸ்தான்!

கடையில ரெண்டே விஷயம் பாருங்க. வாலியூமைக் கொறைச்சாலும் டோன் நல்லா இருக்கா? ஹெட்ஃபோன் சொருகினா ஸ்பீக்கர் அடங்குதா? போதும்.

இல்ல, 50 வாட்ஸ்தான் வேணும்னு அடம்பிடிக்கறவங்க என்னோடதை எடுத்துக்கலாம். பாதி விலை :-)